பத்தொன்பதாம் பாடம்

1951 ஜனவரி 22

வெந்தயம் என்றால் என்னவென்று ஒரு கப்பல் சமையல்காரருக்கு விளக்குவதற்குள் இன்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஃபெனுகிரீக், ஃபெனுகிரீக் என்று தொண்டை வறளச் சொன்னேன். அவர் கிரேக்க தேசத்துக்காரர். தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, நெஞ்சில் தட்டிக்கொண்டு "யெஸ், கிரீக்" என்றார். கடைசியில் ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் கொட்டினேன்.

"ஏட்டி தேவி, இத்தன வருசம் படிக்க வச்சது ஒரு வெந்தயத்துக்குக்கூட காணலையே" என்று அப்பா மூட்டைக்குப் பின்னாலிருந்து சிரித்தார். சிரிக்கட்டும். கப்பல்களுக்கு மளிகை போடுகிற ராயபுரத்துக் கடைக்காரர் வேதமாணிக்கத்துக்கு யெஸ், நோ, மூட்டை, இந்த மூன்றுதான் இங்கிலீஷ். மூன்றாவது இங்கிலீஷே இல்லை. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காராவிட்டால் தெரியும் சேதி.

ஆனால் வெந்தயத்துக்கே திணறுகிறவள் பினாங்கு ஆஸ்பத்திரிக்காரர்களிடம் என்ன பேசப் போகிறேன்? ரோஸ்மேரி சித்தி அங்கே நர்ஸாக இருக்கிறாள். பயிற்சிக்குப் பெண்களை எடுக்க ஏப்ரலில் ஒரு துரைசானி இங்கே வருகிறாளாம். கேள்வி முழுக்க இங்கிலீஷில். நல்ல புத்தகம் ஒன்று தேட வேண்டும்.

ஜனவரி 29

கல்மண்டபத்து வாசகசாலையில் ஒரே ஒரு நல்ல இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் இருக்கிறது. அது வாசகசாலைப் புத்தகம் இல்லை. வேலப்பன் என்பவருடையது. துறைமுகத்தில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கினாராம், அட்டை இல்லை, யார் எழுதியது என்றும் தெரியவில்லை. பாடமெல்லாம் பயணக் கதை. ஒரு கேப்டன் புயலில் மாட்டுகிறார், தீவில் ஒதுங்குகிறார், மலை ஏறுகிறார். ஏறிக்கொண்டே நமக்கு வினைச்சொல் கற்றுக்கொடுக்கிறார்.

"ஏங்க, கொஞ்சம் பாத்துட்டுத் தரலாமா" என்று கேட்டேன். தலை நிமிராமல், "தாராளமா. ஆனா கேப்டனப் பாதிக் கடல்ல வுட்டுட்டுப் பூடாதீங்க" என்றார்.

பிப்ரவரி 12

எம்பார்க் என்றால் கப்பல் ஏறுவது. பெரிலஸ் என்றால் ஆபத்தானது. மரூன்ட் என்றால் ஆளில்லாத தீவில் ஒருவரை இறக்கிவிட்டு மற்றவர்கள் போய்விடுவது. இந்தக் கடைசி வார்த்தைக்குத் தமிழில் ஒற்றைச் சொல் அகப்படவில்லை. நாம் அப்படிச் செய்வதில்லை போலிருக்கிறது என்று வேலப்பனிடம் சொன்னேன். "செய்றோம்ங்க. தீவுதான் ஓணும்னு இல்ல" என்றார்.

பிப்ரவரி 25

கடைக்கே வர ஆரம்பித்துவிட்டார். கடுகு வாங்க.

மார்ச் 4

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. அப்பாவுக்கு முன்னாலேயே வேலப்பன் பாடப் புத்தக இங்கிலீஷில், "புயல் தணிந்துவிட்டது, கேப்டன் உங்களைக் காண ஆவலாக இருக்கிறார், வாசகசாலைக் கரையில் ஐந்து மணிக்கு" என்று முழு வாக்கியமாகச் சொல்கிறார். நான் மல்லியை நிறுத்துக்கொண்டே, "என் படகு சற்றுத் தாமதமாகும்" என்கிறேன். அப்பா அக்கறையாகக் கேட்கிறார்: "எந்தக் கப்பலாம்? எத்தன மூட்ட கேக்கான்?"

கப்பல் பேச்சு எங்கள் கடையில் யாருக்குச் சந்தேகம் வரும்? இப்படி ஒரு புத்தகம் அமைந்ததே.

வேலப்பன் வீட்டில் அவர் அம்மா கெங்கம்மா, "எதுக்குடா இத்தினி கடுகு, வூடு ஃபுல்லா தாளிக்கவா" என்று கேட்கிறாளாம்.

மார்ச் 18

இன்று அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "தமிழ்ல வாயத் தொறந்தா, இவன் புளியாந்தோப்புன்னு மூஞ்சியப் பாக்காமயே சொல்லிடுவாங்க. அப்புறம் என்னா சாதின்னு கேக்கத் தேவயே இல்ல. இங்கிலீஷ்ல பேசினா நான் எந்தப் பேட்டன்னு எவனுக்கும் தெரியாது. அதுக்குத்தாங்க இந்தப் பாடு."

என் அப்பா நல்லவர்தான். ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் கர்த்தருடைய பிள்ளைகள் என்பார். பெண்ணைக் கொடுப்பாரா? மாட்டார். புளியந்தோப்பு என்று கேட்ட மாத்திரத்தில் என்னை ஊருக்கு ரயிலேற்றி, முகம் தெரியாத எவனுக்காவது கட்டிவைத்துவிடுவார்.

அதனால் முடிவு செய்துவிட்டோம். நான் பயிற்சிக்குப் பினாங்கு போவது. அதே கப்பலில் அவரும் விலை குறைந்த டெக் டிக்கெட்டில், திறந்த தளத்தில், வருவது. அங்கேயும் துறைமுகம் இருக்கிறது, மூட்டைகள் இருக்கின்றன, எண்ண ஆள் வேண்டாமா? அங்கே கல்யாணம்.

புத்தகத்தை இரண்டாகக் கிழித்துவிட்டோம். எனக்குப் பரீட்சை வருகிறது, அவருக்குப் பினாங்கு வேலைக்கு மனுப் போட வேண்டும், ஒரு புத்தகம் போதவில்லை. பதினெட்டாம் பாடம் வரைக்கும் என்னிடம். மீதி அவரிடம். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 6

தேர்வாகிவிட்டேன். துரைசானி, "உன் வாழ்க்கையில் நடக்காமல் போன ஒன்றைப் பற்றிச் சொல்" என்றாள். பதினாறாம் பாடம் அப்படியே! வந்திருந்தால் போயிருப்பேன், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று வருகிற வாக்கியங்கள். அம்மா பிழைத்திருந்தால் எனக்கு நர்ஸ் வேலை மேல் எண்ணமே வந்திருக்காது என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு வினைச்சொல்கூடப் பிசகவில்லை.

ஏப்ரல் 21

துறைமுகத்தில் வேலப்பனுடைய அப்பா கால்மேல் கிரேனிலிருந்து பண்டல் விழுந்துவிட்டது. ஜெனரல் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வாசகசாலைக்கு ஓடினேன். "ஒண்ணும் இல்லங்க, பாத்துக்கலாம்" என்றார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் இல்லாத மாதிரி இல்லை. அதற்குமேல் என்னிடம் சொல்லவில்லை.

மே 2

டிக்கெட் வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி கப்பல். இனி வாசகசாலை கிடையாது, வெளியே தலை காட்டக் கூடாது என்று அப்பா உத்தரவு. "கப்பலேறப் போற புள்ள, வெயில்ல சுத்திக் காச்சல இழுத்து வச்சுக்கிடாத." எரிச்சலாக வருகிறது. கடை ஒன்றுதான் மிச்சம். அங்கேயும் வேலப்பன் வரக் காணோம்.

மே 9

வந்தார்!

கடையில் கூட்டம். அப்பா என் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வேலப்பன் இளைத்துப் போயிருந்தார். கடுகு கேட்டார். பொட்டலத்தை வாங்கும்போது ஒரே ஒரு வாக்கியம்: "ஐ வில் கம் டு ஸீ யூ ஆஃப்."

ஸீ யூ என்றால் உன்னைப் பார்ப்பேன். ஆஃப் என்றால் புறப்படுவது. ஒன்பதாம் பாடத்தில் கேப்டன் விடியற்காலையில் 'ஸெட் ஆஃப்' என்று கிளம்பினாரே, அந்த ஆஃப். உன்னை வந்து பார்த்துக் கிளம்புவேன். சேர்ந்து கிளம்புவேன்!

இத்தனை நாளாகச் செத்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் வாயெல்லாம் பல்லாக, "ஐ ஆம் வெரி ஹேப்பி" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். பொட்டலத்தை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மே 14

பெட்டியில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் வைத்தேன். அப்பா பார்த்துவிட்டார். "ஒத்த ஆளுக்கு எதுக்குட்டி ரெண்டு தட்டு?" ஒன்று கடலில் விழுந்தால் இன்னொன்று வேண்டாமா என்றேன். "நல்லாத்தான் யோசிக்கே" என்றார். பாவமாக இருந்தது. அவரைவிட்டுப் போவதை நினைத்து இன்று கொஞ்சம் அழுதேன். கொஞ்சம்தான்.

மே 18, கப்பலில்

எழுத முடியவில்லை.

மே 19

இன்று எழுதிப் பார்க்கிறேன்.

துறைமுகத்தில் கயிறு கட்டி, டிக்கெட் உள்ளவர்களை ஒருபக்கம், மற்றவர்களை ஒருபக்கம் நிறுத்தியிருந்தார்கள். வேலப்பன் அந்தப் பக்கம் நின்றிருந்தார். கையில் பெட்டி இல்லை. டெக் டிக்கெட்காரர்களின் பெட்டியை முன்னாலேயே ஏற்றிவிட்டார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பாவிடம் வந்து ஒரு காகிதக் கட்டைக் கொடுத்து, "கப்பல்ல படிக்கிறதுக்கு, சார்" என்றார். அப்பா அதைக் கயிற்றுக்கு மேலாக என்னிடம் நீட்டி, "கடுகுக்காரப் பையன் வந்திருக்கான் பாரு, நல்ல பையன்" என்றார். நான் வேலப்பனைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. யாரும் பார்க்கக் கூடாதென்று ஜாக்கிரதையாக இருக்கிறார் என்று நினைத்தேன்.

மேலே ஏறி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் ஏறுவதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக ஏறினார்கள். ஏணியை எடுத்தார்கள். அவர் கீழேதான் நின்றிருந்தார். கையை மட்டும் தூக்கினார். நான் அப்போதும், வேறு ஏணி இருக்கும், பின்பக்கமாக ஏறிவிடுவார் என்று — எப்படிப்பட்ட மக்கு நான்!

கப்பல் நகர்ந்தது. அப்பாவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையாட்டினார்கள்.

கட்டைப் பிரித்தேன். புத்தகத்தின் பின்பாதி. பத்தொன்பதாம் பாடம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கேப்டனின் மனைவி துறைமுகத்துக்கு வருகிறாள். கேப்டன் போகிறார், அவள் கரையில் நிற்கிறாள். 'ஸீ ஆஃப்' என்றால் வழியனுப்பி வைப்பது.

வழியனுப்பத்தான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நான் வெரி ஹேப்பி என்றிருக்கிறேன்.

மே 20

தமிழில் சொன்னால் என்ன கேடு? அப்பா இருந்தால் என்ன? பொட்டலம் வாங்கும்போது "வரல" என்று மூன்றெழுத்து சொல்ல முடியாதா? கோழை. அப்பனுக்குக் கால் போனால் அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. நான் என்ன அரக்கியா? என்னிடம் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவன் முகத்திலேயே இனி முழிக்க மாட்டேன்.

மே 21

ஒரு தட்டில்தான் சாப்பிடுகிறேன். இன்னொன்று துணிக்கு அடியில் இருக்கிறது. எடுத்துக் கடலில் போடலாம் என்று கம்பி வரை போனேன். மனசு வரவில்லை.

ஜூன் 3, பினாங்கு

சேர்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் என் இங்கிலீஷைப் பாராட்டினார்கள்.

1954 ஜனவரி 9, ராயபுரம்

விடுமுறைக்கு வந்து பத்துப் பதினைந்து நாளாகிறது. கடை அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்கு அத்தனை சந்தோஷம். இன்று பகல் சாப்பாட்டுக்கு அவர் உள்ளே போன சமயம், வயதான ஒரு அம்மாள் வந்து நின்றாள். வெற்றிலை போட்ட வாய். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் அந்தக் கடுகுப் பொண்ணா?"

வேலப்பனின் அம்மா கெங்கம்மா! ஒருநாளும் பார்த்ததில்லை, ஆனால் கேட்ட உடனே தெரிந்துவிட்டது. உட்காருங்கம்மா என்றேன். உட்காரவில்லை.

"கப்பல்லேந்து வந்துகீறன்னு கேள்விப்பட்டேன். சும்மா பாத்துட்டுப் போவலாம்னு. ஒங்கூட்டுக் கடுகு இன்னும் ஒரு டின்னு கீது, தெரியுமா? தீரவே மாட்டேங்குது."

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லாகீறான். அவங்கப்பனுக்குக் கால எட்த்துட்டாங்கோ. அவன் ஒர்த்தன்தான் சம்பாரிக்கிறான். போன தையில கண்ணாலம் ஆயிட்ச்சு. பொண்ணு பேரு ராஜாத்தி. நல்ல பொண்ணுதான், கொற சொல்லக் கூடாது." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "ஒன்னு கேக்கறேன், கோச்சுக்காத கண்ணு. எம்புள்ள அன்னிக்கு வூட்டுக்கு வந்து சுவரப் பாத்துகினு பட்த்துட்டான். கொஞ்சம் அதட்டிக் கேட்டதும் சொல்றான்: 'நான் வர்லன்னு சொன்னேம்மா. அது சிர்ச்சிகினே ரொம்ப சந்தோசம்னு சொல்லிட்ச்சி'ன்றான். ஹார்பர்லயும் அப்டித்தான் சிர்ச்சியாமே. ஏன் கண்ணு? ஒனக்கோசரம் இர்ப்பேன்னு ஒரு வார்த்த நீ சொல்லியிர்ந்தா, அவன் காத்துகினு இர்ந்திருப்பானே."

பதினாறாம் பாடம்.

இரண்டரை வருஷமாக அவனைக் கோழை என்று திட்டினேன். அவரும் என்னை நினைத்திருக்கிறார், கல்நெஞ்சுக்காரி, தான் வரவில்லை என்றதும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தவள் என்று. அம்மா, எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதம்மா, சேர்ந்து வருகிறேன் என்று சொன்னதாக நினைத்துத்தானம்மா சிரித்தேன், பெட்டியில் இரண்டு தட்டு வைத்தேனம்மா — எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இவள் போய்ச் சொல்வாள். அவர் கேட்பார். அந்த ராஜாத்தியும் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் என்ன பாவம் செய்தாள்?

"சொல்லு கண்ணு. அவன் கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?"

நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றேன்.

கெங்கம்மா என் முகத்தையே பார்த்தாள். நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். "அத்த நான் சொன்னா நம்ப மாட்டான். வயசானவ எதுனா ஒளர்றான்னுவான். நீ இங்கிலீஸ்ல சொல்றா மாரியே சொல்லிக் குடு, நான் போய் சொல்றேன்."

"வெரி ஹேப்பி" என்றேன்.

"வெரி ஏப்பி."

"ஹே. ஹேப்பி."

"வெரி கேப்பி."

உள்ளே அப்பா கை கழுவும் சத்தம் கேட்டது. நான் கல்லாவைவிட்டு எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு திருப்பிச் சொன்னாள். இந்தத் தடவை சரியாக வந்தது.