பாதித் தலையோடு ஐந்து வாரம்

ஏப்ரல் 6, ஞாயிறு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு என் முடிவெட்டு பாதியில் நிறுத்தப்பட்டு, கால்பந்து சீசன் முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

வலப்பக்கம் ஒட்ட வெட்டியாயிற்று. இடப்பக்கம் புதர். அந்த நேரம் பார்த்தா சலூன் டிவியில் இந்த ஊர் அணி கோல் போட்டுத் தொலைக்க வேண்டும்? இரண்டு மாதமாக ஒன்றுகூடப் போடாத அணி! சலூன்காரர் கத்தரியைப் போட்டுவிட்டுக் குதித்தார். பெஞ்சில் காத்திருந்த தபால்காரர் என் நெற்றியில் முத்தமே கொடுத்துவிட்டார். "மீதியையும் வெட்டுங்க" என்றேன். இருவரும் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"கோல் விழுந்தப்ப எது எப்படி இருந்துச்சோ, சீசன் முடியற வரைக்கும் அது அப்படியே இருக்கணும் தம்பி. இங்க பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும்!" என்றார் சலூன்காரர்.

அப்பாவுக்கு இங்கே லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஏழு வாரம்தான். பச்சைப் பிள்ளைகள் எல்லாம் எனக்கு சீனியர்.

ஏப்ரல் 7

நேற்று அம்மா கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிவிட்டாள். அக்கா: "வலது பக்கம் மனுஷன், இடது பக்கம் குரங்கு. அறிவியல் புத்தகத்துல வர்ற படம் மாதிரியே இருக்கடா!"

பள்ளியில் விஷயம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. புதரைத் தொட வரிசை கட்டினார்கள். தொட்டவர்கள் கேன்டீன் வரிசையில் தங்கள் இடத்தை எனக்குத் தர வேண்டும் என்று சட்டம் போட்டேன். தந்தார்கள்! கணக்கு வாத்தியார் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தொட்டார்.

ஏப்ரல் 14

நேற்றும் வெற்றி. முடிசூடா மன்னன் என்பார்கள். நான் அரைமுடி மன்னன்.

இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்காக மூச்சிரைப்பதற்கும் என் மண்டைக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால், "நீயும் ஒருநாள் இப்படி ஆயிடுவ பாரு" என்கிறாள் அக்கா. நானா? பகுத்தறிவுக்கே பாடம் எடுப்பவன்! பந்தயம் கட்டியாயிற்று. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தால் ஒரு மாதம் பாத்திரம் கழுவுவது நான். சீசன் முடியும்வரை பிடிக்காவிட்டால் அவள்.

ஏப்ரல் 27

டிரா. இடப்பக்கம் அரிக்கிறது.

மே 4

தோல்வி. அடுத்த ஞாயிறு கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், தப்பிக்கலாம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். சலூன்காரர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இறங்கிட்டா இந்த டிவியத் தூக்கிப் போட்டுடுவேன்."

"வாங்கின நாள்லேருந்து இதைத்தான் சொல்றார்" என்றார் தபால்காரர். ஆனால் சிரிக்கவில்லை.

மே 10, சனி

அக்கா கண் முன்னாலேயே நகவெட்டியால் இடப்பக்கம் மூன்று முடியை வெட்டினேன். "பாத்தியா? வானம் இடிஞ்சு விழுந்துச்சா?"

அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். "நாளைக்கு ஆட்டம் முடியட்டும், சொல்றேன்."

ஹா!

மே 11, ஞாயிறு

ஒன்று–பூஜ்யம். கடைசி நிமிடத்தில் எதிரணி போட்டது. கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டோம்.

என்னால் ஐந்து நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. சலூன்காரர் காதில் போய்ச் சொல்லிவிட்டேன்.

"மூணா?"

"மூணேதான் அண்ணே."

"எந்த இடத்துல?"

"காதுக்கு மேல."

விரலால் தடவிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "வெளிய சொல்லிடாத. பாதி ஆட்டத்துல நான் கால் மாத்திப் போட்டு உக்காந்துட்டேன். தப்பு என் மேலதான்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்கய்யா" என்றார் தபால்காரர். "தும்மினது நான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. டிவி அதே இடத்தில்தான் இருக்கிறது. மீதி முடியைச் சலூன்காரர் வெட்டினார், ஐந்து வாரக் கடனை அடைப்பதுபோல நிதானமாக.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினேன். அக்கா கேட்கவில்லை, நானாகத்தான்.

அந்த மூன்று முடியும் குப்பைக்கூடையில் கிடந்தன. தேடி எடுத்து இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நம்பிக்கை எல்லாம் ஒன்றுமில்லை. அடுத்த சீசன் ஆகஸ்டில் தொடங்குகிறது, எதற்கும் இருக்கட்டும்.