அடுப்புக்கும் ஒரு குளிர்த்தி

மச்சாள்,

குளக்கரைப் பொங்கல் முடிந்து இப்போதுதான் வந்தேன். சேலையெல்லாம் மஞ்சளும் நனைந்த சாம்பலும் மணக்கிறது. மாற்ற மனம் வரவில்லை. இந்த மணம் இருக்கும்வரை நீ படலையைத் திறந்துகொண்டு வருவாய் போல இருக்கிறது.

இந்த முறையும் குளம் வற்றிக் கிடக்கிறது. சம்புப் புல் சருகாகி, காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. அதன் கீழுள்ள கறுத்த மண்ணை உனக்குத் தெரியும். எத்தனையோ காலத்து வேரும் தண்டும் உக்கிச் சேர்ந்த மண். காய்ந்தால் அந்த மண்ணே விறகு.

உன் கால் வெந்த அந்தப் பழைய வறட்சியில் எங்களுக்கு அது தெரியாது. பொங்கிய அடுப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று, வழக்கம்போல அந்த மண்ணையே அள்ளி மூடிவிட்டு வந்தோம். நெருப்பு கீழே இறங்கி, வேரைத் தின்றபடி நடந்திருக்கிறது. சில நாள் கழித்து விடியலில் மாடு தேடிப் போன நீ, சம்புக்குள் எழுந்த புகையைப் பனி என்று நினைத்து அந்த வெண்மைக்குள் நடந்தாய். நிலம் உள்வாங்கி, கால் தணலுக்குள் இறங்கியது. எங்கள் வேலி வரை வந்த அந்த நெருப்பு மழைக்குத்தான் அணைந்தது.

புண் ஆறியதும் காலை இழுத்து இழுத்து வீடு வீடாகப் போனாய். நானும் பின்னால் வந்தேன். சேலையைக் கொஞ்சம் தூக்கி, "இந்தக் காலை வடிவாப் பாருங்கோ. மண் போட்டு மூடினதால வந்தது. இனித் தண்ணி ஊத்துங்கோ" என்பாய்.

கோயிலடி வீட்டு மாமி மட்டும் மசியவில்லை. "பொங்கின அடுப்பில தண்ணி ஊத்தினா குடும்பம் விளங்குமே, பிள்ளை?"

"அம்மாளாச்சிக்கே சூடு தணிய மஞ்சள் தண்ணி தெளிச்சுக் குளிர்த்தி செய்யிறியள், மாமி. அடுப்பென்ன அவாவை விடப் பெரிய ஆளோ?"

மாமி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோயிலுக்குப் பொங்கல் புக்கை தின்ன மட்டும் வருகிற உன் வாயில் அம்மாளே வந்து சொன்னதுபோல உடம்பு சிலிர்த்தது.

"பொங்கல் வாற கோடையில குடிக்கவே தண்ணியில்லை. அடுப்புக்கு எங்கால ஊத்திறது?" என்றார் மாமி.

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். "அரிசி கழுவின தண்ணியை வைச்சிருப்பம், மாமி. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அதை ஊத்துவம்."

"உப்புக்கல்லுக்கும் கணக்குப் பாக்கிறவள், கழுநீரை விடுவாளே!" என்றாய்.

அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ முன்னால், நான் செம்போடு பின்னால். நனைத்து, கிளறி, மறுபடி நனைத்து, புறங்கை வைத்துச் சூடு பார்ப்பாய். கடைசியில் செம்பில் மிஞ்சியதை என் தலையில் தெளிப்பாய். "உனக்கும் ஒரு குளிர்த்தி, மச்சாள். நீயும் உள்ளுக்குள்ள எரியிற ஆள்தான்."

போன மாரி மழையோடு நீ எங்களை விட்டுப் போய்விட்டாய். இன்று, முரசுமோட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி தன் அடுப்பை மண்ணால் மூடிக்கொண்டிருந்தாள். காட்டுவதற்கு என்னிடம் வெந்த கால் இல்லை. உன்னைப் போலக் கதைக்கவும் வராது. பக்கத்தில் குந்தி, "கையைத் தா, பிள்ளை" என்று அவள் புறங்கையை அந்த மண்ணில் வைத்தேன்.

"ஐயோ அன்ரி, சுடுது!"

"இப்பிடியே விட்டா அது கீழ போயிடும்."

செம்பை அவளே வாங்கி ஊற்றினாள். சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. அந்த வெண்மைக்குள் நீ காலை இழுத்துக்கொண்டு அடுத்த அடுப்புக்குப் போவது தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சம்புதான் அசைந்தது.

செம்பில் கொஞ்சம் மிஞ்சியது. எனக்கு நானே தெளித்துக்கொள்ளக் கை வரவில்லை. சிந்தாமல் வீடு வரை கொண்டுவந்துவிட்டேன். பக்கத்தில் இருக்கிறது, வேப்பிலை ஒன்று மிதக்கிறது.

விடிய எழும்பி ஒவ்வோர் அடுப்பிலும் புறங்கை வைத்துப் பார்க்கப் போவேன். எங்காவது சூடு இருந்தால், இது அந்த அடுப்புக்கு. எல்லாம் ஆறியிருந்தால், எனக்கு.