கம்பளத்துக்குப் பின்னால் எந்தச் சாம்பல்?

எர்மெக்,

ரொட்டிக்கடைக்குக் கிளம்பிவிட்டேன். ஷோர்போ சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் குடியுங்கள். நாளை புது மருமகள் வருகிறாள். அவள் அறைச் சுவரில் இன்னும் நீங்கள் மாதிரிக்கு அடித்த இரண்டு சாம்பல் நிறப் பெயின்ட் பட்டைகள்தான். "இது மூடுபனி, அது ஆத்துக்கல்லு, உனக்கு எங்க புரியப்போகுது!" என்று மூன்று வாரமாக உங்கள் பிரசங்கம். கசாப்புக் கடைக்காரரைக்கூட அழைத்துவந்து கருத்துக் கேட்டாயிற்று.

நேற்று சம்பந்தியம்மா போனில், "கவலைப்படாதீங்க சம்பந்தி, எங்க சீர்க் கம்பளத்தத் தொங்கவிட்டா அந்தச் சுவரே தெரியாது" என்றார். நீங்கள் ஏணிமேல் அத்தனை கம்பீரமாக நின்றிருந்தீர்கள். சொல்ல மனம் வரவில்லை. ஏதோ ஒன்றை இன்றே அடித்து முடியுங்கள்.

ஜில்டிஸ்

பெயின்ட் பிரஷ்ஷைத் தேநீர்க் கிண்ணத்தில் ஊறவைக்காதீர்கள்.

இன்னொன்று. எனக்குப் பிடித்தது ஜன்னல் பக்கத்துப் பட்டை. ஊரையெல்லாம் கேட்டீர்கள், என்னைத்தான் கேட்கவில்லை.