மிளகாய்த்தூளுக்கு அடியில்

செவ்வாய், இரவு.

என் வீட்டுக்காரர் போன மீன்பிடிப் படகு மாலையே கிளம்பிவிட்டது. இனிப் பத்து நாளைக்குப் போன் கிடைக்காது.

போன தடவை வெளியூர்த் துறைமுகத்தில் தங்கிவிட்டு அவர் கரை திரும்பிய பிறகுதான் எனக்குப் பால்வினைத் தொற்று வந்தது. ஊசி போட்ட நர்சம்மா அவருக்கும் மாத்திரை எழுதி, பை நிறைய ஆணுறையும் தந்தார். காலையில் நீட்டினேன். "எனக்கு இன்னா கீது? நல்லாத்தான் கீறேன். கலீஜா பேசாத" என்று தட்டிவிட்டார்.

ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அவர் சாமான் பெட்டியில், மிளகாய்த்தூளுக்கு அடியில் திணித்தேன். மாத்திரை அட்டையில் அவர் பெயரையும் எழுதினேன்.

படகு போன பிறகுதான் உறைத்தது. எல்லார் வீட்டு மசாலாவும் அங்கே ஒரே அடுப்படிக்குத்தான் போகும். குழம்பு வைக்கும் செல்வம் அண்ணன்தான் பெட்டியைத் திறப்பார். ஏழு பேர் எதிரில் இவர் மானம் போகும். திரும்பி வந்து என்னை என்ன செய்வாரோ.

தாங்காமல் செல்வம் அண்ணன் மனைவி கலாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அடிப்பாவி, இன்னா வேலை பண்ணிகீற!" என்றாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உறை எத்தினி வச்ச? எங்கூட்டுக்காரருக்கும் பத்துமா?"

அவள் சிரிக்கவில்லை.