அஸ்தி இல்லை அப்பா, எலும்பு

என் பாசமுள்ள அப்பா,

முரளியின் எலும்புக்குள் ரத்தம் ஊறத் தொடங்கிவிட்டது. டாக்டர் சொன்னதும் உங்களுக்குப் போன் செய்யக் கை போனது. நீங்கள் போய் ஒரு வருடமாகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அன்று ஆஸ்பத்திரியில் நடந்தது நினைவிருக்கிறதா? தம்பிக்கு ரத்தம் உண்டாவதே நின்றுபோயிருந்தது. என் மஜ்ஜை அவனுக்குப் பொருந்துகிறது என்று சொல்ல வந்த நர்ஸ், "அக்கா அஸ்தி மஜ்ஜெ கொடபேக்கு" என்றார். அக்கா எலும்பு மஜ்ஜை கொடுக்க வேண்டும் என்கிறார்; கன்னடத்தில் அஸ்தி என்றால் எலும்பு. ஆம்பூரிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன உங்களுக்கு அது சுடுகாட்டுச் சொல்.

"உசுரோட இருக்கிறவனுக்கு எதுக்குடி அஸ்தி?" என்று கத்தினீர்கள். முரளி அந்தச் சோர்விலும், "கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம்தான்பா" என்றான். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

எலும்பு என்று விளக்கிய பிறகும் விடவில்லை. "உள்ள இருக்கிறத எடுத்துட்டா உனக்கு என்னம்மா மிஞ்சும்?" அந்தக் கேள்விக்குப் பயந்தே தள்ளிப்போட்டோம். மாத்திரையில் சமாளித்தோம். அந்தப் பயத்தோடே நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த வருடம் மாத்திரையும் கைவிட்டது. கொடுப்பதற்கு முதல் நாள் உங்கள் கேள்வியை அப்படியே டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"ரத்தத்துக்கு மூலமான செல் பெரும்பாலும் தூங்கிட்டுதான்மா இருக்கும். ஓயாம வேலை செஞ்சா அதுவும் களைச்சுப்போயிடும். தேவைப்பட்டா எழுந்து ரெண்டாப் பிரியும். ஒண்ணு ரத்தமா மாறும், இன்னொண்ணு மூலமாவே இருந்துக்கும். அதான் கொடுத்தாலும் தீராது."

"எங்க முரளி மாதிரி தூங்குமூஞ்சின்னு சொல்லுங்க" என்றேன். எத்தனை நாள் கழித்து நிம்மதியாக மூச்சுவிட்டேன் தெரியுமா?

இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து எழ வலித்தது. பிறகு ஒயிட்ஃபீல்ட் ஆபீஸுக்கு மெட்ரோவில் நின்றுகொண்டே போனேன். அவனுக்குத்தான் மூன்று வாரமாக வெள்ளையணு ஏறவே இல்லை. அவனை வைத்திருந்த தனியறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவனைப் பார்த்துவிட்டு வருவேன். இந்தத் திங்கட்கிழமை ஏறியது. நேற்று இன்னும் ஏறியிருக்கிறது. என் ரத்தத்தையும் சோதித்தார்கள். எல்லாம் பழையபடி. என்னிடம் எதுவும் குறையவில்லை, அப்பா.

அவன் ரத்த வகைகூட இனி என்னுடையதாக மாறுமாம். "இனிமே எனக்குக் கோவம் வந்தா உன்னத்தான் கேக்கணும்" என்கிறான்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை அவனோடு எந்தச் சண்டை வந்தாலும், கொடுத்ததைச் சொல்லிக்காட்ட மாட்டேன். எனக்குக் குறையாத ஒன்றை எப்படிச் சொல்லிக்காட்டுவது?

உங்கள் மகள், முரளியின் அக்கா,
கலா