டோரிஸின் நாற்பத்தொரு பவுண்டு

சால்மன், ஐடஹோ
மே 19, ஞாயிறு

அன்புள்ள ஷெல்பிக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீ அந்தக் கண்காணாத ஆஸ்திரேலியாவில் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல், ஏறுகிற ஹெலிகாப்டரிலிருந்து ஒவ்வொரு முறையும் பத்திரமாக இறங்கிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் என் தினசரி வேண்டுதல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா பேச்சை எடுத்தாலே "அம்மா, சிக்னல் போகுது" என்று வைத்துவிடுகிறாய், மூன்று வருஷமாக அந்த ஊரில் சிக்னல் அப்பா பெயருக்கு மட்டும் போகிறது. உன் கோபம் எனக்குத் தெரியாததா? தீயணைக்க நம் ஹெலிகாப்டர் டோரிஸை ஓட்டுகிற இடத்தை உனக்குத் தராமல் வெளி ஆளுக்குத் தந்தார், அது ஒன்று. நீ கிளம்பிப் போன மறுமாதமே, பதினாறு வயதில் நீ ஏணிமேல் நின்று டோரிஸின் வாலில் வரைந்த விராலடிப்பான் பறவைமேல் வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டார், அது இரண்டு. "என் பறவையைக்கூட அழிச்சிட்டாரில்ல" என்று நீ அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் கடிதம், இதைப் பாதியில் வைக்க முடியாது, கடைசி வரி வரைக்கும் படி.

முதலில் ஊர்ச் செய்தி. பக்கத்து வீட்டு கெண்ட்ராவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், அவள் அம்மா தூக்கமில்லாமல் கண்ணாடியை ஃப்ரிஜ்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாளாம். நம் மெக்கானிக் பெப் எச்செவெர்ரி வழக்கம்போல வசந்தத்துக்குச் சொரிசோ இறைச்சிக்குழல் அடைத்து இரண்டு சரம் கொடுத்தனுப்பினார், உன் பங்கை ஃப்ரீசரில் போட்டிருக்கிறேன். மலைமேல் இந்த வருஷம் பனி பாதிதான், இப்போதே ஓடைகள் மெலிந்துவிட்டன. ஊரே தீ வருமே என்று கவலைப்படுகிறது, நமக்கும் அதே கவலைதான், ஆனால் தீ வந்தால்தான் நம் வீட்டு அடுப்பும் எரிகிறது, அதை நினைத்தால் சர்ச்சில் மழைக்காக வேண்டும்போது எனக்கு வாய் கொஞ்சம் குழறுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் வனத்துறையின் கோடை ஒப்பந்தம் நமக்குக் கிடைத்தது. ஜூனிலிருந்து நூற்றிருபது நாள், தீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் டோரிஸ் அவர்களுக்காகவே நம் ஊர்த் தளத்தில் நிற்பாள், நிற்பதற்கும் கூலி உண்டு. போன இரண்டு வருஷமும் கூப்பிட்டால் மட்டும் போகிற ஒப்பந்தம்தான், போனைப் பார்த்துக்கொண்டே கோடை முழுக்க உட்கார்ந்திருந்தோம், போன ஆகஸ்ட் மாதம் அது ஒன்பது தடவை அடித்தது, அதில் இரண்டு ராங் நம்பர். இதுவும் கைவிட்டுப் போனால் டோரிஸை விற்பதைத் தவிர வழியில்லை. ஆல்பர்ட்டாக்காரர் ஒருவர் மார்ச்சிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவள் போனால் பெப்பும் போக வேண்டியதுதான், இருபத்தாறு வருஷமாக நம்மோடு இருக்கிற மனுஷர். இந்த டெண்டரை யார் எடுப்பது என்பது காலி ஹெலிகாப்டரின் எடையை வைத்துத்தான் முடிவாகிறது என்பது உனக்குத் தெரியும், மெஷின் எவ்வளவு லேசோ அவ்வளவு தண்ணீரை மலைமேல் வெயிலில் தூக்கும். ஐயாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஆய்வாளர் வந்து நிறுத்துப் பார்க்கும்போது அதற்கு மேல் இருந்தால் ஒப்பந்தம் அடுத்தவருக்கு.

அவர் வருகிற நாள் மே பதினைந்து. மூன்றாம் தேதி நாமே ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடலாம் என்றார் பெப். அவர் நிறுக்கிற அமர்க்களம் உனக்கு நினைவிருக்கும், காற்று பட்டால் முள் ஆடும் என்று ஷெட் கதவை எல்லாம் அடைத்து, எண்ணெயை வடித்து, நாயை வெளியே கட்டி, மூன்று ஜாக்கியில் தூக்கித் தராசில் உட்கார வைத்துவிட்டு எங்களை மூச்சுகூட விடவிடமாட்டார். எண் வந்தது. பெப் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். நாற்பத்தொரு பவுண்டு கூடுதல். பழைய சான்றிதழில் இருந்த எடையில், கழற்றியதைக் கழித்து, புதிதாய் மாட்டியதைக் கூட்டி, மூன்று தடவை சரிபார்த்துத்தான் எழுதினேன். "எடை கூடினது டோரிஸ் இல்ல, டுவெய்ன்தான், அவர இறக்கி விட்டுட்டுப் பாருங்க" என்று பெப் அப்பாவைக் காட்டிச் சிரிக்க வைக்கப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை, அப்பா வெளியே போய் நாயை அவிழ்த்துவிட்டார்.

அன்றிலிருந்து தேடல். தரைப் பலகைகளை எல்லாம் கழற்றினோம், அடியில் நாற்பது வருஷத்துக் குப்பை, பைன் ஊசி இலை, சாம்பல், சூயிங்கம் காகிதம், நீ பல்லுக்குக் கட்டியிருந்த கம்பி, அதைத் தொலைத்ததற்கு உன்னை எப்படித் திட்டினேன், மன்னித்துக்கொள். எல்லாம் சேர்த்து மூன்று பவுண்டு. பிறகு பெப் பழைய ரேடியோக்களின் செத்த ஒயர்களைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார், முன்னே வைத்திருந்தவர்கள் புதிது மாட்டினார்களே தவிரப் பழையதை ஒருவரும் எடுக்கவில்லை, அது ஒன்பது பவுண்டு. இருக்கையில் கை வைக்க முடியாது, ஒன்பது பேருக்கு இடம் வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. இன்னும் இருபத்தொன்பது பவுண்டு நிற்கிறது, நாள் ஒன்பதுதான் இருக்கிறது. பெப் சாப்பாட்டு நேரத்தில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு "பெயிண்ட்" என்றார். அந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரே ஒரு மெல்லிசுப் பூச்சு அடித்தால் போதும் என்றார். நான், அதுதான் முன்பே சுரண்டிவிட்டு அடித்ததாயிற்றே, பழைய பெயிண்ட் போய்ப் புது பெயிண்ட், எடை சரிக்குச் சரி, அப்படித்தானே நான் கணக்கே போட்டேன் என்றேன். அப்பா உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டு "பெயிண்ட்ல கை வைக்க வேணாம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "என்ன மனுஷன் நீங்க, மெஷினே கையவிட்டுப் போகப்போகுது, வெள்ளை வெளேர்னு இருக்கணும்னு இன்னும் ஆசையா?" என்று கத்திவிட்டு, பெப்பின் சுரண்டியைப் பிடுங்கிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனேன், கைக்கு எட்டியது வால்தான், அங்கேயே ஆரம்பிக்கலாம் என்று ஓங்கினேன். அப்பா அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடியே வந்துவிட்டார். வாலுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டு "வேணாம் ஜோ, அங்க வேணாம், கீழ அது இருக்கு" என்றார். எது என்று கேட்டேன். "அவ வரைஞ்சது" என்றார். பெயிண்ட் அடிக்கிறவனின் முதல் பாடமே பழையதைச் சுரண்டுவது, நாற்பது வருஷமாக அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிற மனுஷர், அதைச் செய்யவேயில்லை. அந்தக் குளிர்காலத்தில் மூன்று வாரம் தனியாக ஷெட்டில் அடைந்து கிடந்தாரே, உன் பறவைமேல் கண்ணாடி மாதிரி வார்னிஷ் இரண்டு கை பூசி, காயவைத்து, அதன்மேல் வெள்ளையை அடித்திருக்கிறார். வாலை மட்டும் சுரண்டாமல் விட்டால் ஏன் என்று யாராவது கேட்பார்களே என்று உடம்பு முழுக்கப் பழைய பெயிண்ட் மேலேயே அடித்துவிட்டு, எல்லாம் சுரண்டியாயிற்று என்று எங்களிடம் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். ஏன்யா இப்படி என்று கேட்டேன். "தினம் காலையில மெஷினைச் சுத்திப் பாக்கறப்ப வால்கிட்ட வந்ததும் அது என்னையே பாக்குது ஜோ. பாக்கவும் முடியல, சுரண்டவும் மனசு வரல" என்றார். உனக்கு இடம் தராததும் பயத்தில்தானாம், அந்தப் புகைப் பள்ளத்தாக்கில் நீ இறங்குவதை ரேடியோவில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தன்னால் முடியாது என்று தோன்றியதாம், அதைச் சொல்ல வாய் வராமல் உன்னிடம் மணிக்கணக்கு போதாது, அனுபவம் போதாது என்று சட்டம் பேசியிருக்கிறார். நான் சுரண்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன், கோபமாகவும் இருந்தது, அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

பிறகு என்ன, வேலைதான். டோரிஸின் உடம்புக்குப் பெயிண்ட் உரிக்கிற மருந்து பூசிப் பெப்பும் நானும் பழசு புதுசு எல்லாவற்றையும் உரித்தோம், என் நகம் பத்தும் போயிற்று. வாலை அப்பா யாரையும் தொடவிடவில்லை, மருந்து பட்டால் படமும் கரைந்துவிடும் என்று ஈர உப்புத்தாளை வைத்துக் கையாலேயே தேய்த்தார், நாலு நாள், காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும். இரண்டாம் நாள் சிறகு நுனி தெரிந்தது. பெப் தொப்பியைக் கழற்றிவிட்டார், நிஜமாகத்தான். நாலாம் நாள் முழுப் பறவையும் வந்துவிட்டது, ஆற்றிலிருந்து மீனைக் கவ்விக்கொண்டு எழுந்திருக்கிற அதே எழும்பல், டோரிஸ் வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு எழுவதும் அப்படித்தான், நீ அதைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மற்ற இடத்துக்கெல்லாம் மெல்லிசாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். பதினைந்தாம் தேதி ஆய்வாளர் லிண்ட்க்விஸ்ட் அம்மா வந்தார், சிரிப்பைக்கூட அளந்து சிரிக்கிறவர். கதவை அடைத்தோம், நாயைக் கட்டினோம், மூச்சை அடக்கினோம். ஐயாயிரத்து எழுநூற்று ஒன்பது. எழுதிக் கொடுத்ததைவிட மூன்று பவுண்டு குறைவு ஷெல்பி! அந்த அம்மாள் வாலைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு "மீனோட எடையையும் சேத்துத்தானே நிறுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே அனுமதி அட்டையில் கையெழுத்துப் போட்டார். பெப் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார், அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டே ஷெட் கதவைத் திறக்கப் போய்விட்டார்.

டோரிஸ் நமக்கே. இன்னும் ஒன்றுதான் பாக்கி. பைலட் பன்னிரண்டு நாள் பறந்தால் அவருக்கு இரண்டு நாள் ஓய்வு கட்டாயம், அந்த இரண்டு நாளுக்கு மாற்று பைலட்டின் பெயரை ஜூன் பத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆயிரத்தைந்நூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை, போன மாதம் நீ அதைத் தாண்டிவிட்டதாகச் சொன்னாயே, அதை அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன், ம் என்றார். நேற்று அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். மாற்று பைலட் என்கிற கட்டத்தில் பென்சிலால் உன் பெயர், அவருடைய கோணல் எழுத்தில், இரண்டு தடவை அழித்து மூன்றாம் தடவை எழுதினது. அரசாங்கம் பென்சிலை ஒத்துக்கொள்ளாது. உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அங்கே உனக்கு வேலையும் சிநேகிதர்களும் இருக்கிறார்கள், யோசித்துச் சொல். அவர் செய்ததெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை, வந்தால் நன்றாகச் சண்டை போடு, நான் நடுவில் வரமாட்டேன்.

இங்கே கோடை அங்கே குளிர், காதை மூடிக்கொள், வெறும் காபியில் நாளை ஓட்டாதே, புகை கண்டால் கெட்டிக்காரத்தனம் காட்டாமல் திரும்பிவிடு. நீ எங்கே பறந்தாலும் உன் சிறகுக்குக் கீழே நல்ல காற்று இருக்கட்டும், ஆண்டவன் துணையிருப்பார். ஜூன் பத்து என்பதை மறக்காதே, பேனா என் மேஜைமேலேயே இருக்கிறது.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா ஜோலீன்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் அப்பா கடிதத்தைக் கேட்டார், படிக்கவில்லை, கீழே இதை மட்டும் எழுதித் தந்தார்:

ஷெல்பி, தேய்க்கறப்ப மீனோட கண்ணு மட்டும் என் கையால உரிஞ்சு போச்சு. நான் வரைஞ்சா கெட்டுப்போகும். அப்படியே விட்டு வெச்சிருக்கேன். — அப்பா