பதினைந்தாவது போன்

மார்ச் 3, செவ்வாய். காலை 9.10. போன்கள் 14.

மழை. எம்ஆர்டி ரயிலிலிருந்து ஆபீஸ் வருவதற்குள் காலணி நனைந்தது. குடை வீட்டில்.

இன்றைய வேலை: வெளிநாட்டு ஊழியர்களுக்கான இலவசக் கண் பரிசோதனை, அதன் பதிவுப் பக்கத்தை டெஸ்ட் செய்வது. பதிவு ஞாயிறுதோறும் காலை பத்துக்குத் திறக்கும். சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். ஐந்து ஐபோன், ஒன்பது ஆண்ட்ராய்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரவுசர். பெயர்: ஏபிசி. உடன் வருபவர் பெயர்: ஏபிசி. 28-ம் பாஸ்.

திரையின் அடியில் ஒட்டி நிற்கும் பட்டன் என் யோசனை. பக்கத்தை எழுதும் நூருல் வேண்டாம் என்றாள். அழகாகத்தான் இருக்கிறது.

ஒரு புகார், மூன்றாவது முறை. வேலுச்சாமி, வெல்டர், துவாஸ் தொழிற்பேட்டை. "பட்டன் இல்லை." பதில் எழுதினேன்: இங்கே அந்தப் பிழை வரவில்லை. மூடினேன்.

5.30: பதினான்கையும் ரீசெட். பழைய டெஸ்டின் அழுக்கு அடுத்த நாளுக்கு வரக் கூடாது. நான் கொண்டுவந்த வழக்கம். தினமும் காலையில் யாருக்கும் சொந்தமில்லாத பதினான்கு போன்கள்.

இன்று வாய் திறந்து பேசியது: நூருல், கோப்பிக்கடை அங்கிள், லிஃப்டில் ஒருவர் ("எத்தனாவது மாடி?").

மார்ச் 4, புதன்.

வெயில். மூடிய புகாரை நூருல் மறுபடி திறந்து வைத்திருக்கிறாள்.

"மூணு வாட்டி எழுதிருக்காரு. ஒரு போன் பண்ணா விரல் தேஞ்சிடுமா?"

"பதினாலு போன்லயும் வேலை செய்யுது லா."

"அவரு போன் அந்தப் பதினாலுல ஒண்ணா?"

நோன்பு மாதத்தில் இவளிடம் வாதாடக் கூடாது. பசியில் இன்னும் கூர்மையாகிறாள்.

12.40, அவருடைய சாப்பாட்டு நேரத்தில் அழைத்தேன். பின்னால் கிரைண்டர் சத்தம்.

"கீழ தள்ளிப் பாருங்க."

"தள்ளுறேன் சார், அசைய மாட்டேங்குது. எழுத்து இருக்கு, பட்டன் இல்லை."

"ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க."

"அது எப்படி எடுக்கிறதுன்னு தெரியலையே சார்."

"ரூம்ல யாரையாவது கேளுங்க. இல்ல, அவங்க போன்ல பதிவு பண்ணுங்க."

கிரைண்டர் சத்தம் தூரமானது, தள்ளிப் போய்ப் பேசினார்.

"ரூம்ல யாருக்கும் தெரியக் கூடாது சார். இடது கண்ணு மங்கிட்டே வருது. போர்மேன் காதுக்குப் போச்சுன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்க. என்ன ஏதுன்னு டாக்டர் சொல்லட்டும், அப்புறம் நானே சொல்லிக்கிறேன்."

"சரி, பாக்கிறோம்" என்று வைத்துவிட்டேன். நான்கு நிமிடம். என்ன போன் என்று கேட்கவே இல்லை. டெஸ்டர் என்று சொல்லிக்கொள்ள வெட்கம்.

மார்ச் 5, வியாழன். மாலை 7.

புக்கிட் பாஞ்சாங் வீட்டில் நானும் ஃபிரிட்ஜ் சத்தமும். அம்மாவும் அப்பாவும் பெர்த்துக்கு, அக்கா குழந்தையைப் பார்க்கப் போய் ஏழு மாதம். திரும்பும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது.

அம்மா அழைத்தார். குழந்தைக்குப் பல். பிறகு:

"என் பழைய போன் டிராயர்ல இருக்கும் பாரு. கேழ்வரகுக் கூழ் பக்கம் ஒண்ணு மூடாம வச்சிருந்தேன். அனுப்பு."

"நெட்ல ஆயிரம் கூழ் இருக்கும்மா."

"எனக்கு அந்தக் கூழ்தான் வேணும்."

சார்ஜ் போட்டுத் திறந்தேன். எழுத்து ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. மூடாத பக்கங்கள் 61. இதற்காக எத்தனை முறை திட்டியிருக்கிறேன். கூழ். பஸ் நேரம். தைப்பூசத்துக்கு டோபி காட் ஸ்டேஷனில் எந்த வாசல். பெர்த் வானிலை, பதினோரு முறை. நடுவில் ஒரு தேடல், தமிழில்: மொபைல் பிரவுசர் டெஸ்டர் என்றால் என்ன வேலை.

ஒருமுறை என்னிடம் கேட்டார். "சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா." அத்தோடு விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

பிறகு கைப்பழக்கத்தில் பதிவுப் பக்கத்தை அதில் திறந்தேன்.

பட்டன் இல்லை.

பெரிய எழுத்தில் விதிமுறைப் பத்தி வீங்கி, பட்டனைத் திரையின் அடிவிளிம்புக்கும் கீழே தள்ளியிருக்கிறது. உருட்டினாலும் வராது. பக்க உயரத்தைத் திரையளவுக்குப் பூட்டச் சொன்னதும் நான்தான்.

கண் பரிசோதனைக்கான பக்கம். கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கித்தான் வைத்திருப்பார்கள். நான் தினமும் ரீசெட் செய்து, கண் நன்றாகத் தெரிகிற ஆளுக்காகவே டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். முட்டாள்.

மார்ச் 6, வெள்ளி.

மேகம். அம்மாவின் போனை நூருல் மேசையில் வைத்தேன். பார்த்தாள்.

"ஒட்டுற பட்டன் வேணாம்னு யாரு சொன்னா?"

"நீ."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"நீதான். திருத்து."

நான்கு வரித் திருத்தம். மாலை 4.50-க்கு ஏறிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "எழுதினது ஒருத்தர். எழுதாம போனைப் பைக்குள்ள போட்டுட்டுப் போனவங்க?"

கிளம்பும்போது: "நோன்பு திறக்க வீட்டுக்கு வாயேன். அம்மா கஞ்சி காச்சுறாங்க."

"வேலை இருக்கு."

வேலை இல்லை. வீட்டில் ரொட்டி, முட்டை. ஏன் அப்படிச் சொன்னேன்.

வேலுச்சாமியை அழைத்தேன். சரிசெய்தாயிற்று, ஆனாலும் ஞாயிறு காலை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். "எதுக்கு சார் சிரமம்" என்றார். டேக்கா சந்தை வாசல், 9.45.

மார்ச் 8, ஞாயிறு. காலை 11.

சொன்ன நேரத்துக்கு முன்பே நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை, தேய்த்தது. முகத்தைத் திருப்பி, போனை வலது கண்ணுக்கு நேராகப் பிடிக்கிறார்.

10.00. என் கைகள் பேன்ட் பைக்குள். டெஸ்டில் அடுத்தவர் போனைத் தொடக் கூடாது.

"பட்டன் தெரியுதா?"

"தெரியுது சார். பச்சையா."

அழுத்தினார். பெயர், எண். மீதி இடம் 9. பிறகு விரல் நின்றுவிட்டது.

உடன் வருபவர் பெயர், போன் எண். கட்டாயம். கண்ணில் மருந்து விடுவார்கள், சில மணி நேரம் பார்வை மங்கும், தனியாகப் போக முடியாது.

"இதை விட்டுட்டுப் போக முடியாதா சார்?"

முடியாது. காலியாக விட்டால் சிவப்பில் திட்டும். சரியாகத் திட்டுகிறதா என்று 28 முறை பார்த்தவன் நான். 28 முறையும் ஏபிசி.

மீதி இடம் 6. சாலை நிறைய ஆட்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கட்டத்தில் நான் யார் பெயரைப் போடுவேன்? பெர்த் எண்ணை அது ஏற்காது. எட்டு இலக்க உள்ளூர் எண்தான்.

மீதி இடம் 3.

"என் பேரைப் போடுங்கண்ணே."

"உங்க பேரு?"

அதுவரை சொல்லவே இல்லை. "கதிர்." எண்ணைச் சொன்னேன். ஒவ்வொன்றாக அழுத்தினார்.

10.04. பதிவாகிவிட்டது. 22, ஞாயிறு, 11.15.

போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்: "வருவீங்களா, இல்ல பேருக்குப் போட்டதா?"

"வருவேன்."

"அப்ப வாங்க தம்பி, டீ குடிப்போம்."

நாற்பது நிமிடம். பேசியது பெரும்பாலும் அவர்.

இனி:
1. 22-ம் தேதி 10.30, சந்தை வாசல். முடிந்ததும் துவாஸ் வரை கூடவே பஸ்ஸில். ரூமில் கேட்டால் நான் சொந்தக்காரன்.
2. நாளை முதல் போன்கள் 15. அம்மாவுடையது ரீசெட் கிடையாது. 61-ம் திறந்தபடியே.
3. ஏபிசி நிறுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆளின் பெயர்.
4. நூருலிடம்: கஞ்சி இன்னும் உண்டா.
5. கூழ் பக்கம். இன்னும் அனுப்பவில்லை. அனுப்பிவிட்டு அழைத்து, நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்வது. முதலிலிருந்து.